சாதாரண லேப்டாப்பில் ‘மேக்’ போடலாமா? பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை



கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் இப்போது ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. “பிள்ளையின் படிப்புக்கு மேக் லேப்டாப் தேவை. புதிது வாங்க வசதி இல்லை. சாதாரண லேப்டாப்பிலேயே மேக் போட்டு, கால்வாசி விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அதற்கு உதவ முடியுமா?” என்று கேட்கிறார்கள். வீடியோ எடிட்டிங் கற்பவர்களும், ஐபோனுக்குச் செயலி எழுதப் பழகும் மாணவர்களும்தான் இவர்களில் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, நம் கணினிப் பயிற்சி மையத்தில் பார்த்ததையும் பட்டதையும் இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பெயர், ஊர் வேண்டாம். தகப்பனை இழந்த ஒரு பிள்ளை. திருமண வீடியோ எடிட் செய்து வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்பவர். உம்மாவின் சீட்டுப் பணத்தில் இப்படி ‘மேக் போட்ட’ லேப்டாப் ஒன்றை வாங்கினார். எட்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஓர் இரவு ‘புதிய பதிப்பு வந்திருக்கிறது’ என்று திரையில் வந்ததை அமுக்கிவிட்டுப் படுத்தார். சுபுஹுக்கு எழுந்து பார்த்தால் வைஃபை இல்லை. விற்றவர் போனை எடுக்கவில்லை. இவரே எதையோ மாற்றிப் பார்க்க, லேப்டாப் மேலெழும்பவே இல்லை. நிக்காஹ் பதிவு முழுவதும் வெளி ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறதே என்று அதை நண்பரின் விண்டோஸ் கணினியில் செருகினார். ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று அது கேட்டது. நல்லவேளை, அமுக்குவதற்கு முன் எங்களுக்குப் போன் செய்தார்.

டிஸ்க்கில் எந்தப் பழுதும் இல்லை. மேக் தன் கோப்புகளை வைக்கும் முறை வேறு. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததை அது ‘காலி’ என்று நினைத்து, அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறது, அவ்வளவுதான். மஹல்லாவில் உண்மையான மேக் வைத்திருக்கும் சகோதரர் ஒருவரிடம் டிஸ்க்கைக் கொண்டுபோய்ச் செருகினோம். அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் பதிவுகளும் கிடைத்தன. நிக்காஹை மறுபடி நடத்திப் படம் எடுக்க முடியாது என்பதால் இதைத்தான் முதலில் சொல்கிறோம்: மேக்கில் பயன்படுத்திய டிஸ்க்கை விண்டோஸில் செருகும்போது ஃபார்மட் கேட்டால், ‘வேண்டாம்’ என்று மட்டும் அமுக்குங்கள்.

ஏன் சில லேப்டாப்பில் ஓடுகிறது, சிலவற்றில் ஓடுவதில்லை?

ஆப்பிள் நிறுவனம் 2006 முதல் தன் மேக் கணினிகளில் இன்டெல் சில்லுகளைப் போட ஆரம்பித்தது. அதே இன்டெல் சில்லுகள்தான் மற்ற லேப்டாப்புகளிலும் இருந்தன. மூளை ஒன்று என்றால் மேக்கின் இயங்குதளத்தை இதிலும் ஓட்டலாமே என்று ஆர்வலர்கள் முயன்றார்கள். இப்படி ஓட்டும் கணினிக்கு ‘ஹேக்கின்டோஷ்’ என்று பெயர். இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது ‘ஓப்பன்கோர்’ என்ற சிறு நிரல். கணினி எழும்பும்போது முதலில் இது எழுந்து, ‘இது ஆப்பிளின் மேக்புக்தான்’ என்று இயங்குதளத்தை நம்பவைக்கிறது. பிறகு பேட்டரி, ஒலி, விசைப்பலகை போன்றவற்றுக்குத் தேவையான டிரைவர்களைக் கூடவே ஏற்றிவிடுகிறது.

நம்பவைப்பது எளிது. சிரமம் அதற்குப் பிறகுதான். விண்டோஸ் ரெடிமேட் சட்டை மாதிரி. எல்லா உடம்புக்கும் ஓரளவு பொருந்தும்படி தைத்தது. ஒவ்வொரு உதிரிபாகக் கம்பெனியும் விண்டோஸுக்கென்று டிரைவர் எழுதித் தருகிறது. மேக் இயங்குதளம் அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆப்பிள் தன் கணினிகளில் எந்தெந்தப் பாகங்களைப் போட்டதோ அவற்றுக்கு மட்டும்தான் அதில் டிரைவர் இருக்கும். உங்கள் லேப்டாப்பில் இருப்பது அந்தப் பாகமோ, அதற்கு நெருங்கிய உறவோ என்றால் ஓடும். இல்லையென்றால் யார் எத்தனை இரவு கண்விழித்தாலும் ஓடாது. ‘செட்டிங்கை மாற்றினால் சரியாகிவிடும்’ என்று சொல்லி வாங்கப்படும் பணத்தில் பெரும்பகுதி, ஒருபோதும் சரியாகாத பாகங்களுக்குத்தான் போகிறது.

திரையைத் தரும் சில்லுதான் முதல் கேள்வி

விண்டோஸ் இருக்கும்போதே டிவைஸ் மேனேஜரைத் திறந்து ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்பதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

இன்டெல் லேப்டாப்பில் சில்லின் பெயரை வைத்தே தலைமுறையைச் சொல்லிவிடலாம். ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10210யூ என்றால் பத்தாம் தலைமுறை. ஏழு முதல் பத்து வரையிலான ஐ3, ஐ5, ஐ7 சில்லுகளுக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ், ஆப்பிள் பயன்படுத்தியவற்றுக்கு நெருக்கமானது. பெரும்பாலும் வேலை செய்யும். நான்காம் தலைமுறைக்கு 2021-இல் வந்த மான்டரே பதிப்போடு முடிந்தது. பதினொன்றாம் தலைமுறையில், அதாவது ஐ5-1135ஜி7 போன்றவற்றில், ஐரிஸ் எக்ஸ்இ என்ற புதிய கிராஃபிக்ஸ் வந்தது. அதை ஆப்பிள் எந்த மேக்கிலும் போடவே இல்லை. அதனால் அதற்கு டிரைவரும் இல்லை. ‘புது லேப்டாப்தானே, இன்னும் நன்றாக ஓடும்’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான். இந்த விஷயத்தில் எட்டாம் தலைமுறைப் பழைய லேப்டாப், பன்னிரண்டாம் தலைமுறைப் புது லேப்டாப்பைவிட மேல்.

செலரான், பென்டியம் வகையா, முயற்சியே வேண்டாம். ஏஎம்டி சில்லுகளை ஆப்பிள் தன் மேக்குகளில் மூளையாகப் பயன்படுத்தியதில்லை. அதில் ஓட்ட இயங்குதளத்தின் அடிப்படையிலேயே திருத்தங்கள் செய்ய வேண்டும். லேப்டாப்பில் அது இன்னும் சிக்கல். படித்துப் பழகுபவர் பொழுதுபோக்காகச் செய்யலாம். பிழைப்புக்கு நம்பி வாங்கக்கூடாது.

அடுத்தது என்விடியா. வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் இதைத்தான் தேடி வாங்குவார்கள். ஜிடிஎக்ஸ் 1650-ஓ, ஆர்டிஎக்ஸ் வகையோ இருந்தால் மேக்கில் அது வெறும் சுமைதான். 2018-இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்தே என்விடியாவின் புதிய அட்டைகளுக்கு டிரைவர் இல்லாமல் போய்விட்டது. எனவே இப்படிப்பட்ட லேப்டாப்பில் மேக் போடுபவர்கள் என்விடியாவை முழுவதுமாக அணைத்துவிட்டு, இன்டெல் கிராஃபிக்ஸில் மட்டும் ஓட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய அட்டை தூங்கிக்கொண்டிருக்கும். கேமிங் லேப்டாப்புகள் பலவற்றில் எச்டிஎம்ஐ துளை என்விடியா அட்டையோடுதான் இணைக்கப்பட்டிருக்கிறது. அட்டையை அணைத்ததும் புரொஜெக்டரோ வெளித் திரையோ இணைக்க வழியில்லாமல் போகும்.

திரை வந்துவிட்டதாலேயே கிராஃபிக்ஸ் வேலை செய்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. விற்பவர் லேப்டாப்பைக் காட்டும்போது, மேல் இடது மூலையில் உள்ள ஆப்பிள் சின்னத்தை அமுக்கி ‘இந்த மேக் பற்றி’ என்பதைத் திறக்கச் சொல்லுங்கள். கிராஃபிக்ஸுக்கு நேரே 7 எம்பி என்று அற்பமான நினைவகம் காட்டினால் டிரைவர் ஏறவில்லை என்று பொருள். சன்னல்கள் இழுத்து இழுத்து நகரும். எடிட்டிங் நினைத்தும் பார்க்க முடியாது.

மற்ற பாகங்கள்

வைஃபைதான் அதிகம் அழவைக்கும் பாகம். மேலே சொன்ன பிள்ளைக்கு நடந்தது இதுதான்: அவர் லேப்டாப்பில் பிராட்காம் வைஃபை அட்டையைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஆப்பிள் தானே பயன்படுத்திய வகை என்பதால் அது அப்போது நல்ல தேர்வுதான். ஆனால் 2023 செப்டம்பரில் வந்த சொனோமா பதிப்பில் ஆப்பிள் அந்தப் பழைய அட்டைகளுக்கான டிரைவரை நீக்கிவிட்டது. பழைய டிரைவரைத் திரும்ப ஒட்டவைக்க வழி உண்டு. அதற்கு இயங்குதளத்தின் பாதுகாப்புப் பூட்டுகளைத் தளர்த்த வேண்டும். அப்டேட் வரும்போதெல்லாம் மறுபடி ஒட்ட வேண்டியும் வரும். இன்டெல் வைஃபை அட்டைகளுக்கு ஆர்வலர்கள் எழுதிய டிரைவர் ஒன்று இருக்கிறது. இணையம் வரும், ஏர்டிராப் வராது. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் அட்டையைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள். மாற்ற முடியாது. வாங்கும் முன் இதை மட்டுமாவது கேளுங்கள்.

எஸ்எஸ்டியிலும் ஒரு கண் வேண்டும். சாம்சங்கின் பிஎம்981 வகை பல லேப்டாப்புகளில் கம்பெனியிலேயே போட்டு வருகிறது. விண்டோஸில் அருமையாக ஓடும் இது, மேக்கில் திடீர் திடீரென்று கணினியை விழவைக்கும். டிரைவரைத் தேடி அலைவதைவிட வேறு எஸ்எஸ்டி மாற்றிவிடுவதுதான் வழி. மலிவு லேப்டாப்பில் வரும் இஎம்எம்சி சேமிப்பும், ஆப்டேன் நினைவகமும் மேக்குக்கு ஆகாது.

டச்பேட் பழைய பிஎஸ்2 வகையா, புதிய ஐ2சி வகையா என்பதைப் பொறுத்து டிரைவர் மாறும். ஒன்றுக்கு உரியதை மற்றதற்குப் போட்டுவிட்டு ‘டச்பேட் கெட்டுவிட்டது’ என்று எங்களிடம் வந்தவர்கள் உண்டு. ஒலிக்கு, உங்கள் ஒலிச் சில்லுக்கு ஏற்ற எண்ணை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும், பொறுமை வேலை. கைரேகை வராது, அதை மறந்துவிடுங்கள். மூடி வைத்துத் திறந்தால் எழும்பவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் யூஎஸ்பி துளைகள். ஒரு கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் பதினைந்து துளைகள்தான் என்று மேக் எல்லை வைத்திருக்கிறது. யூஎஸ்பி 3 துளை ஒன்றே இரண்டாகக் கணக்கில் வரும். கேமராவும் புளூடூத்தும்கூட உள்ளே யூஎஸ்பிதான். எது வேண்டும், எது வேண்டாம் என்று வரைபடம் போட்டுக் கொடுக்காவிட்டால் தூக்கமும் விழிப்பும் தகராறு செய்யும்.

பாதியில் நின்றுவிட்டால்

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்காக இது. ஆப்பிள் சின்னம் வந்து அப்படியே நின்றால், ஓப்பன்கோரில் ‘வெர்போஸ்’ முறையை இயக்கச் சொல்லுங்கள். சின்னத்துக்குப் பதிலாக எழுத்துகள் வரிவரியாக ஓடும். கடைசி வரியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெறுமனே ‘ஓடவில்லை’ என்பதைவிட அந்த ஒரு படம் ஆயிரம் மடங்கு உதவும். ‘வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்’ என்று நின்றாலோ, வட்டத்துக்குள் குறுக்குக் கோடு வந்தாலோ, அது தன் டிஸ்க்கைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கிறது. எஸ்எஸ்டி, அதன் இயக்க முறை, யூஎஸ்பி ஆகிய மூன்றில்தான் தேட வேண்டும். ‘ஐஓகன்சோல்யூசர்ஸ்’ என்ற வரிக்குப் பிறகு திரை கறுத்தால் கிராஃபிக்ஸ் அமைப்பில் தவறு. ‘எக்ஸிட்பிஎஸ் ஸ்டார்ட்’ என்று எடுத்த எடுப்பிலேயே நின்றால் பயாஸ் அமைப்பையும், நினைவகம் தொடர்பான ஓப்பன்கோர் அமைப்பையும் பார்க்க வேண்டும்.

பயாஸ் என்றதும் ஓர் எச்சரிக்கை. ‘செக்யூர் பூட்டை அணை, சாட்டா முறையை ஏஎச்சிஐ ஆக்கு’ என்று எல்லா வழிகாட்டிகளும் சாதாரணமாகச் சொல்லும். விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. அதற்கு பிட்லாக்கர் என்று பெயர். செக்யூர் பூட்டை அணைத்த மறுநிமிடம் அது 48 இலக்கச் சாவியைக் கேட்கும். வாங்கிய நாளில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் கடைக்காரருக்கு மட்டும் தெரியும் என்றால் உங்கள் கோப்புகளுக்கு நீங்களே அந்நியர். முதலில் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாட்டா முறையை மாற்றியதும் விண்டோஸ் நீலத்திரையில் நின்றால் பதற வேண்டாம். பழைய முறைக்கே மாற்றினால் பெரும்பாலும் திரும்ப எழும்பிவிடும். அந்த நேரத்தில் ‘ரீஇன்ஸ்டால்’ செய்துதான் பலர் கோப்புகளை இழக்கிறார்கள்.

இனி எத்தனை நாளைக்கு?

2020-இல் ஆப்பிள் இன்டெலைவிட்டு விலகுவதாக அறிவித்தது. அந்த நவம்பரிலேயே எம்1 என்ற சொந்தச் சில்லோடு மேக்குகள் வந்தன. 2025 செப்டம்பரில் வெளியான டஹோ பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. அதுவும் நான்கே நான்கு இன்டெல் மாடல்களுக்குத்தான். பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் சில காலம் வரலாம். ஆனால் அடுத்த பதிப்பிலிருந்து சாதாரண லேப்டாப் சில்லுக்கு அங்கே இடமே இல்லை. ஐபோன் செயலி எழுதுபவர்களுக்கு இது உடனே உறைக்கும். ஆப் ஸ்டோரில் ஏற்ற, புதிய எக்ஸ்கோடில் கட்டிய செயலி வேண்டும் என்று ஆப்பிள் ஆண்டுதோறும் வரம்பை உயர்த்துகிறது. புதிய எக்ஸ்கோடோ புதிய இயங்குதளத்தைக் கேட்கிறது. இன்று முதலாமாண்டு சேரும் பிள்ளை படிப்பை முடிப்பதற்குள் இந்தக் கதவு மூடிவிடும்.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

இதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் கடமை முடியாது. மேக் இயங்குதளத்தை நிறுவும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அமுக்குகிறோமே, அந்த ஒப்பந்தம் ஆப்பிள் பெயரிட்ட கணினியில் மட்டுமே அதை நிறுவ அனுமதிக்கிறது. சாதாரணக் கணினியில் மேக் போட்டு விற்ற சைஸ்டார் என்ற அமெரிக்கக் கம்பெனி மீது ஆப்பிள் 2008-இல் வழக்குப் போட்டது. 2009-இல் ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2011-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. ஐமெசேஜ், ஃபேஸ்டைம் வேலை செய்ய வேண்டுமானால் ஆப்பிளின் வரிசை எண் போலவே ஒன்றைத் தயாரித்து உள்ளே போட வேண்டும். அதை வெறும் செட்டிங் என்று எங்களால் கடந்துபோக முடியவில்லை.

மார்க்கத் தீர்ப்பு சொல்வது எங்கள் வேலை அல்ல, ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை, வணிகப் பெயர் ஆகியவற்றை ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகள் என்றும், அவற்றை மீறக் கூடாது என்றும் முடிவு செய்திருக்கிறது. அதை மனத்தில் வைத்து எங்கள் நிர்வாகக் குழு எடுத்த முடிவு இது: இப்படி மேக் போட்ட லேப்டாப் வாங்க உதவித்தொகை தருவதில்லை, நம் மையத்துக் கணினிகளிலும் போடுவதில்லை. உதவித்தொகை அமானிதம். விற்பவன் போன் எடுக்காத பொருளுக்கு அதை எழுதித் தர எங்களுக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே வாங்கிச் சிக்கிக்கொண்டவர்களின் கோப்புகளை மீட்டுத் தந்து, விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ திருப்பித் தர எப்போதும் தயாராக இருக்கிறோம். யாரையும் குறை சொல்ல மாட்டோம்.

அப்படியானால் பிள்ளை என்ன செய்வது?

‘எதற்காக மேக்?’ என்று கேட்டால் பாதிப்பேருக்கு மேக்கே தேவைப்படுவதில்லை. எடிட்டிங் கற்பவருக்கு டாவின்சி ரிசால்வ் இருக்கிறது. அதன் இலவசப் பதிப்பே திருமண வேலைக்குத் தாராளம். மேக்கில் தூங்கிய அதே என்விடியா அட்டை இங்கே முழுவேகத்தில் உழைக்கும். லேப்டாப்பில் வலு குறைவு என்றால் ஷாட்கட், கேடென்லைவ் போதும். சொல்லப்போனால், மேலே சொன்ன பிள்ளை இப்போது அதே லேப்டாப்பில் விண்டோஸ் போட்டு ரிசால்வில்தான் எடிட் செய்கிறார். பேஜஸ், கீநோட் கோப்புகளைத் திறக்க வேண்டியவர்கள் ஆப்பிள் கணக்கு ஒன்று திறந்து ஐகிளவுட் வழியாக எந்தக் கணினியிலும் திறக்கலாம்.

செயலி எழுதுபவர்கள் ஃப்ளட்டர் போன்றவற்றில் விண்டோஸிலேயே எழுதி, ஆண்ட்ராய்டு போனில் சோதித்துக்கொண்டே வரலாம். ஐபோனுக்குக் கட்டும் கடைசிக் கட்டத்துக்கு மட்டும்தான் மேக் தேவை. அதை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் சேவைகள் இருக்கின்றன. கிட்ஹப்பில் திறந்த திட்டமாக வைத்தால் அதன் மேக் இயந்திரங்களில் இலவசமாகவே கட்டிக்கொள்ளலாம். ஸ்விஃப்ட் மொழியை மட்டும் கற்க வேண்டும் என்றால் 2020 முதல் அது விண்டோஸிலும் கிடைக்கிறது. ஆப் ஸ்டோரில் வெளியிட ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம் உண்டு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்; பல பெற்றோருக்கு அது கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது.

மேக் இல்லாமல் முடியாது என்பவர்கள் பழைய எம்1 மேக் மினியைப் பாருங்கள். வீட்டில் இருக்கும் திரையும் விசைப்பலகையுமே போதும். வாங்கும் முன் விற்பவரைத் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண்முன்னே வெளியேறச் சொல்லி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். யாருடைய கணக்கையும் கேட்காமல், எந்தக் கம்பெனியின் பெயரையும் காட்டாமல் திரை வந்தால்தான் பணம். ‘அப்புறம் நீக்கித் தருகிறேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் மையத்துக்கு இப்படி ஒரு மேக் மினி வாங்கப் பொது நன்கொடையில் தனிக் கணக்கு தொடங்கியிருக்கிறோம். ஸகாத் நிதியை இதற்குத் தொடுவதில்லை. வந்ததும் மாணவர்கள் முறைவைத்துப் பயன்படுத்தலாம், இன்ஷா அல்லாஹ்.

லேப்டாப்பில் சிக்கல் உள்ளவர்கள் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மையத்துக்கு வாருங்கள். சார்ஜர், கோப்புகளை மாற்றிவைக்கக் காலியான ஒரு ஹார்டு டிஸ்க், கடைசியாக நின்ற திரையின் போட்டோ ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை தனி நேரம், ஆசிரியை இருப்பார்.